என் குரோமோசோம்கள் உடைந்த ஆடி மாதம்

இருபத்து நாலு வயதில் ஒரு சாயங்காலம் ஆய்வகக் கதவைச் சாத்திவிட்டு, அடிக்கோலை எடுத்து என் இரண்டு கட்டைவிரல்களையும் அளந்தேன். இடது விரல் வலதைவிட ஒரு நூல் குட்டையாக இருந்தது. அவ்வளவுதான், நம் கதை முடிந்தது என்று தீர்மானித்தேன். அறைக்குப் போய், கூடத் தங்கியிருந்த நண்பனிடம் என் சைக்கிளை இனிமேல் நீயே வைத்துக்கொள் என்றேன். எதற்கு என்றுகூடக் கேட்காமல் அவன் சாவியை வாங்கிக்கொண்டான். நான் சாகவில்லை என்பது உங்களுக்குத் தெரிகிறது. சைக்கிள் திரும்பி வரவில்லை என்பதை நான்தான் சொல்லவேண்டும்.

ஆய்வகத்துக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு உபயோகமாக ஏதாவது சொல்லச் சொன்னார்கள். ஓய்வு பெற்றவனைப் பேசச் சொல்வது ஆபத்து. ஆனால் அந்தக் கட்டைவிரல் கதையில் உங்களுக்கு வேண்டியது கொஞ்சம் இருக்கிறது. நான் அறிவாளியாக நடந்துகொண்ட கதைகள் எதுவும் இவ்வளவு உபயோகப்படாது. அப்படிப்பட்ட கதைகளும் அதிகம் இல்லை.

அறுபதுகளின் நடுவில் நடந்தது. நான் செஞ்சி பஜாரில் மளிகைக்கடைக்காரர் மகன். பொட்டலம் கட்ட வராததால் படிக்கப் போனவன். சென்னையில் ரத்த அணுக்களைக் குழாயில் வளர்த்துக் குரோமோசோம் பார்க்கும் ஓர் ஆய்வகத்தில் உதவியாளனாகச் சேர்ந்திருந்தேன். எங்கள் தலைவி ஒரு டாக்டர். நாங்கள் மேடம் என்போம். அதிகம் பேசமாட்டார். பேசினால் நமக்கு அன்று சாப்பாடு இறங்காது.

பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு பையனைப் பற்றிக் கேட்டிருந்தார்கள். பெயர் ஏழுமலை, எட்டு வயது, பார்த்தால் ஐந்துதான் சொல்லலாம். வலது கட்டைவிரல் எலும்பில்லாமல் ஒரு மொட்டுபோலத் தொங்கும். உடம்பில் அங்கங்கே கருந்திட்டுகள். ரத்தம் ஊறுவது குறைந்துகொண்டே வந்தது. இப்படிப்பட்ட குழந்தைகளின் அணுக்களில் குரோமோசோம்கள் தாமாகவே உடைந்து கிடக்கின்றன என்று அப்போதுதான் வெளிநாட்டில் எழுத ஆரம்பித்திருந்தார்கள். ஏன் உடைகின்றன என்று யாருக்கும் தெரியாது. இன்று நீங்கள் பழுது பார்க்கும் மரபணு என்று சொல்லி, அதற்குப் பெயரும் எழுத்தும் வைத்து, எந்தக் குரோமோசோமில் எந்த இடம் என்று விரலை வைக்கிறீர்கள். எங்களிடம் ஒரு மைக்ராஸ்கோப்பும் கொஞ்சம் சந்தேகமும்தான் இருந்தன.

பையன் செஞ்சிக்காரன். அவனுக்கு மல்லிகா என்று ஐந்து வயதில் ஒரு தங்கை. மேடம் என்னைக் கூப்பிட்டு, “உங்க ஊர்தானே, ரெண்டு பேர் ரத்தத்தையும் நீயே போய் எடுத்துட்டு வா” என்றார். என் வாழ்க்கையில் சொந்த ஊர் உத்தியோகத்துக்கு உதவிய ஒரே சந்தர்ப்பம் அது. அதையும் எப்படிக் கெடுத்தேன் என்று கேளுங்கள்.

ஆடி மாதம். மேல்மலையனூர் அமாவாசைக்குப் போகிற கூட்டத்தில் செஞ்சி பஸ் ஸ்டாண்டே தெரியவில்லை. ஸ்டாண்டை ஒட்டிக் கன்னியப்பன் அண்ணனின் சைக்கிள் கடை. கடைக்குப் பின்னாலேயே வீடு. பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து என்னையும் என் தெர்மாஸ் குடுவையையும் பார்த்தார்.

“மளிகைக்கடை வூட்டுப் புள்ளதானே நீ? பொட்டலம் கட்டத் தெரியாம மெட்ராஸுக்கு ஓடிட்டான்னு உங்க நைனா சொன்னாரு. இப்ப ரத்தம் கட்றியா?”

உள்ளே அவர் மனைவி பச்சையம்மா அக்கா இருந்தார். கன்னியப்பன் அண்ணனின் சொந்த அக்கா மகள்தான் அவர். மாமனைக் கட்டிக்கொள்வது எங்கள் பக்கத்தில் பேசுகிற விஷயமே இல்லை. ரத்தத்தில் அப்படி என்னதான் பார்ப்பாய் என்று அண்ணன் கேட்டதற்கு, அவர் கையில் இருந்த சைக்கிள் டியூபையே காட்டிச் சொன்னேன். எல்லார் உடம்பிலும் தினமும் முள் குத்துகிறது, வெயிலாலும் குத்துகிறது, சும்மா இருந்தாலும் குத்துகிறது. உள்ளேயே ஒரு பஞ்சர்காரன் உட்கார்ந்து ஒட்டிக்கொண்டே இருக்கிறான் போல, அதனால் வண்டி ஓடுகிறது. உங்கள் பையன் உடம்பில் அந்த ஆள் இல்லையோ என்று சந்தேகம். இதில் பாதி என் கற்பனை, மேடம் கேட்டிருந்தால் வேலை போயிருக்கும். பின்னால் அது ஏறக்குறையச் சரியாகிப்போனதில் எனக்கு எந்தப் பெருமையும் இல்லை.

அண்ணன் டியூபைத் தண்ணீரில் அழுத்திக் குமிழி வருகிறதா என்று பார்த்தபடியே, “ஊருக்கெல்லாம் ஒட்டறவன் வூட்ல ஒட்ட ஆளு இல்லன்ற” என்றார்.

பச்சையம்மா அக்கா சிரிக்கவில்லை. மல்லிகாவை மடியில் இழுத்து வைத்துக்கொண்டு சொன்னார்: “எனக்கு ஒண்ணே ஒண்ணு சொன்னா போதும் தம்பி. இவளுக்கும் அது இருக்குதா? அவன பள்ளிக்கூடத்துல சேத்த கொஞ்ச நாள்ல மூக்குல ரத்தம் வந்து நிறுத்திட்டோம். தெனிக்கும் பையத் தூக்கிக்கினு போற புள்ளைங்கள வாசல்ல நின்னு பாக்கறான். இவளயும் சேத்துட்டு நிறுத்த என்னால ஆவாது. விஜயதசமிக்குள்ள சொல்லிடு.”

சொல்கிறேன் என்று ஊர்க்காரன் தோரணையில் தலையை ஆட்டினேன்.

ஏழுமலை கையை நீட்டிவிட்டு வேறு பக்கம் பார்த்துக்கொண்டான். பழகிப்போன பிள்ளை. மல்லிகாவோ ஊசியைப் பார்த்ததும் அழுதாள். கண் சிவந்து, மூக்கு ஒழுகி, நான் குனிந்த நேரம் பார்த்துச் சரியாக என் முகத்தில் தும்மினாள். பழிவாங்குகிறாள் என்று நினைத்துத் துடைத்துக்கொண்டேன். உடம்பு லேசாகச் சுட்டது. அழுத பிள்ளைக்குச் சுடத்தானே செய்யும்.

சென்னையில் மூன்று நாள் வளர்த்துப் பார்த்தால், ஏழுமலையின் அணுக்களில் எதிர்பார்த்ததுபோலவே உடைசல்கள். உடைந்த துண்டுகள் தப்பான குரோமோசோமில் போய் ஒட்டிக்கொண்டு நாலு கையோடு நின்றன. அடுத்து மல்லிகாவின் அணுக்களைப் பரப்பிய கண்ணாடிச் சில்லு. அதிலும் உடைசல்கள்.

பாவம் அந்தக் குழந்தை என்று நினைத்தேன். அதே சமயம் உள்ளுக்குள் ஒரு கிறுக்குத்தனமான சந்தோஷமும் இருந்தது. ஒரே வீட்டில் இரண்டு பேர் என்பது பெரிய விஷயம். இந்தச் சந்தோஷம் உங்களுக்கும் வரும். வரும்போது எழுந்து போய்த் தண்ணீர் குடியுங்கள்.

அன்றைக்கே ஆஸ்பத்திரி டாக்டர் போன் செய்தார். இரண்டுக்கும் உண்டா இல்லையா, ஒரே வார்த்தையில் சொல்லுங்கள், குடும்பத்துக்கு எழுதவேண்டும் என்றார். மேடம் என் தோளுக்கு மேலாக மைக்ராஸ்கோப்பில் பார்த்துவிட்டுப் போனை வாங்கி, “பையனுக்கு உண்டு. பொண்ணப் பத்தி இன்னும் தெரியாது” என்று வைத்துவிட்டார். அதுதான் கண்ணெதிரே தெரிகிறதே, இவர் ஏன் பயப்படுகிறார் என்று நினைத்தேன். நினைப்பது முகத்தில் தெரிகிற ஆள் நான்.

“ரெண்டும் ஒரே மாதிரி உடையலை. பையனோடது உடைஞ்சு தப்பா ஒட்டியிருக்கு. பொண்ணோடதுல சிலது பொடியாவே போயிருக்கு. பாத்தியா?”

பார்த்திருந்தேன், ஆனால் பொருட்படுத்தவில்லை.

“கூட ஒரு நல்ல ஆளோட ரத்தம் எடுத்தியா?”

எடுக்கவில்லை.

“வெயில்ல, பஸ்ல குலுங்கி வந்த ரத்தம். உடைச்சது வியாதியா வழியான்னு எப்படித் தெரியும்? மறுபடி போ. ஒரு ஆரோக்கியமான ஆளோட ரத்தமும் அதே குடுவைல வரணும்.”

ஆரோக்கியமான ஆள் என்றதும் எனக்கு வேறு யாரும் தோன்றவில்லை. நானேதான்.

இரண்டு வாரம் கழித்து மறுபடி செஞ்சி. பஸ் புழுதியில் என் கண் எரிந்தது, மூக்கு ஒழுகியது. ஜன்னலோரம் உட்கார்ந்த தண்டனை என்று எண்ணிக்கொண்டேன். கன்னியப்பன் அண்ணன் வீட்டு நிலைப்படியில் வேப்பிலைக் கொத்து செருகியிருந்தது. ஆடியில் எந்த வீட்டு நிலைப்படியில் வேப்பிலை இல்லை? எங்கள் கடை வாசலிலும்தான் இருந்தது. மல்லிகா தலைக்குக் குளித்து, மஞ்சள் பூசி, பளிச்சென்று உட்கார்ந்திருந்தாள். நடுவில் யாருக்காவது நோவு நொடி வந்ததா என்று மேடம் கேட்டு எழுதச் சொல்லியிருந்தார். கேட்டேன்.

“ஒண்ணுமில்லியே. நல்லா இருக்குறாங்க” என்றார் பச்சையம்மா அக்கா. எழுதிக்கொண்டேன்.

என் ரத்தத்தை நானே எடுப்பது அவ்வளவு சுலபமாக இல்லை. நரம்பு விலகி விலகிப் போயிற்று. கன்னியப்பன் அண்ணன் கிரீஸ் கையைத் துடைத்துவிட்டு வந்து, டயரில் முள் பிடுங்கும்போது சக்கரத்தைப் பிடிப்பதுபோல என் கையைப் பிடித்துக்கொண்டார். நான் போட்ட சத்தத்தில் ஏழுமலை வாய்விட்டுச் சிரித்தான். அந்தப் பிள்ளை சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

இனிமேல்தான் நீங்கள் கவனிக்க வேண்டியது.

மூன்று கண்ணாடிகள். ஏழுமலையுடையது முன்போலவே உடைந்திருந்தது. மல்லிகாவுடையது சுத்தம், தேடித் தேடிப் பார்த்தும் குறை இல்லை. ஆரோக்கியமான ஆளுடையது நொறுங்கிக் கிடந்தது.

ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. மல்லிகாவின் குழாயும் என் குழாயும் மாறிப்போய்விட்டன என்று முடிவு கட்டினேன். எல்லாம் பொருந்தியது. முதல் தடவை அவளுக்கு உடைந்திருந்தது, இப்போதும் அவளுக்குத்தான் உடைந்திருக்கவேண்டும். நான் நன்றாக இருக்கிறேன், ஆகவே சுத்தமானது என்னுடையதுதான். நாங்கள் கண்ணாடியின் ஓரத்தில் பென்சிலால் பெயர் எழுதுவோம். ரப்பரை எடுத்து ஒரு பெயரை அழித்தேன். இரண்டாவதை அழிக்கப் போகும்போது பின்னால் மேடத்தின் செருப்புச் சத்தம் கேட்டது.

குழாய் மாறியிருக்கிறது, சரி செய்கிறேன் என்றேன்.

அவர் கோபப்படவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். “மாறினதை நீ பாத்தியா?”

“இல்ல மேடம். ஆனா மாறியிருந்தாத்தான் கணக்கு சரியா வருது.”

“கணக்கு சரியா வரணும்னு பேரை மாத்தக் கூடாது. அது பொண்ணு, நீ ஆம்பளை. ஒய் இருக்கான்னு பாத்தியா?”

மனித குலத்தின் குரோமோசோம்களைப் பார்ப்பதற்காகவே சம்பளம் வாங்கிக்கொண்டிருந்தவன் நான். ஆணின் அணுவில் மட்டும் ஒரு குட்டி ஒய் குரோமோசோம் இருக்கும். யார் பென்சிலாலும் அதை எழுத முடியாது, யார் ரப்பராலும் அழிக்க முடியாது. குனிந்து தேடினேன். சுத்தமான கண்ணாடியில் ஒய் இல்லை. அது மல்லிகாவேதான். நொறுங்கிய கண்ணாடியில் ஒவ்வோர் அணுவிலும் அந்தக் குட்டிப்பயல் உட்கார்ந்திருந்தான். நான் ஆண் என்பதை விஞ்ஞானம் உறுதிசெய்தது. மற்றபடி எனக்கு ஆறுதலாக அதனிடம் எதுவும் இல்லை.

“அப்ப உடைஞ்சது யாரோடது?” என்றார் மேடம்.

“என்னோடது.”

என் முகத்தை உற்றுப் பார்த்தார். “கண் ஏன் சிவந்திருக்கு?” என்றார். புழுதி என்றேன். வீட்டுக்குப் போய்ப் படு, நாளைக்குப் பேசலாம் என்றார். நான் வீட்டுக்குப் போகவில்லை. கதவைச் சாத்திவிட்டுக் கட்டைவிரலை அளந்தேன்.

மறுநாள் காலையில் முகம் பார்க்கும் கண்ணாடியில் பார்த்தால் காதுக்குப் பின்னாலிருந்து நெற்றிவரை சிவப்புப் பொரி. வீட்டுக்கார அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, நண்பனை அடுத்த அறைக்கு விரட்டி, கதவில் வேப்பிலையைச் செருகி, மஞ்சள் தண்ணீர் தெளித்துவிட்டு, வாசலில் நின்றபடியே கேட்டார்: “அம்மா வந்திருக்கா. யாரு வூட்டுக்குப் போயிருந்த?”

வேப்பிலை. மஞ்சள். தலைக்கு ஊற்றிய தண்ணீர். என் முகத்தில் விழுந்த தும்மல். எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழ, நான் படுத்தபடியே சிரிக்க ஆரம்பித்தேன். அம்மன் ஏறிவிட்டாள் என்று பயந்து அந்த அம்மா மேலும் ஒரு செம்புத் தண்ணீரை என்மேல் தெளித்தார்.

மல்லிகாவுக்கு வந்து எனக்கும் தொற்றியது தட்டம்மை. அந்தக் கிருமி ரத்த அணுக்களின் குரோமோசோம்களை உடைக்கும் என்று மேடம் படித்திருந்தார். நண்பன் மூலம் சேதி சொல்லி அனுப்பினேன். அவன் என் சைக்கிளில்தான் போனான். மேடத்தின் பதில் ஒரே வரி: உடம்பு தேறியதும் உன் ரத்தத்தை மறுபடி பார், பிறகு செஞ்சிக்குப் போ. தேறினேன், பார்த்தேன். என் குரோமோசோம்கள் ஒன்றும் நடக்காததுபோல நின்றன. செஞ்சிக்குப் போய் மல்லிகாவின் ரத்தத்தை மூன்றாம் முறையாக எடுத்து வந்து பார்த்தோம். அதுவும் சுத்தம். இரண்டு தடவையும் உடைந்திருந்தது ஏழுமலையுடையது மட்டும்.

என் பஞ்சர் கதையை அன்றுதான் நானே நம்பினேன். முள் எங்கள் மூன்று பேருக்கும் குத்துகிறது. மல்லிகாவின் உடம்பும் என் உடம்பும் ஒட்டக்கூடியதை ஒட்டி, கூடாததைக் கழித்துவிட்டுப் புது அணுக்களோடு கிளம்பிவிட்டன. ஏழுமலைக்கு அம்மையும் வேண்டாம், வெயிலும் வேண்டாம். தினசரி விழுகிற சாதாரண உடைசலையே அவன் உடம்பால் சரியாக ஒட்ட முடியவில்லை. ஒரே குடும்பத்து ரத்தம் என்பதால் அம்மாவிடமும் அப்பாவிடமும் அந்த ஒட்டும் மரபணுவின் பழுதான பிரதி ஒவ்வொன்று இருந்திருக்கிறது. நல்ல பிரதி ஒன்று கூட இருந்ததால் அவர்களுக்கு ஒன்றும் இல்லை. பையனுக்கு இரண்டுமே பழுது. ஒரு குடும்பத்தின் குரோமோசோம்கள் நிலையாக நிற்பதும் நொறுங்குவதும் ஒரு மரபணுவில் இருக்கிறது என்பதை நான் எந்த வகுப்பிலும் படிக்கவில்லை. தும்மல் வழியாக வந்து சேர்ந்தது.

அந்த மூன்றாம் முறை ரத்தம் எடுக்கப் போனபோது நடந்ததையும் சொல்லவேண்டும். முகத்தில் அம்மைத் தடம் இன்னும் முழுதாக மறையவில்லை. கன்னியப்பன் அண்ணன் பார்த்ததுமே கேட்டார், “உன்கிட்டயும் வந்துட்டு போனாளா?” நான் பச்சையம்மா அக்காவிடம், நோவு வந்ததா என்று கேட்டேனே, ஏன் சொல்லவில்லை என்று ஆதங்கப்பட்டேன். அம்மா வந்ததைப் போய் நோவு என்று எவளாவது வாய் கூசாமல் சொல்வாளா என்று அவர் என்னைத் திருப்பிக் கேட்டார். பெரியவனுக்குச் சின்ன வயதிலேயே வந்து போய்விட்டதாம். இவளுக்கு நான் முதல் தடவை வந்துபோன மறுநாளே முத்து போட்டு, தண்ணீர் ஊற்றி, கூழும் வார்த்தாகிவிட்டதாம். எங்கள் வீட்டில் கேட்டிருந்தாலும் என் அம்மா இதையேதான் சொல்லியிருப்பார். அங்கேயே பிறந்தவனுக்குக் கேட்கத் தெரியவில்லை. அச்சடித்த கேள்வியைக் கேட்டேன், அதற்கு உண்மையான பதில்தான் வந்தது.

ஆகவே தம்பிகளே, தங்கைகளே, நோயாளியிடம் அவர்கள் வீட்டுப் பேச்சில் கேளுங்கள். கூட ஒரு நல்ல ஆளின் ரத்தத்தையும் எடுங்கள், அது உங்களுடையதாக இருந்தால் அலட்டிக்கொள்ளாதீர்கள். முடிவு பிடிக்கவில்லை என்றால் ரப்பரை மட்டும் தொடாதீர்கள். அன்று மேடம் ஒரு நிமிடம் கழித்து வந்திருந்தால், நல்ல உடம்போடு இருந்த ஒரு பெண் குழந்தை பள்ளிக்கூடத்துக்குப் போகாமல் அண்ணனோடு வாசலில் நின்றிருப்பாள், நான் சுத்தமான ஆள் என்ற சான்றிதழோடு திரிந்திருப்பேன்.

மல்லிகா பள்ளிக்கூடத்தில் சேர்ந்தாள். ஏழுமலைக்கு ஆஸ்பத்திரியில் ஹார்மோன் மாத்திரை கொடுத்தார்கள். ரத்தம் கொஞ்சம் ஊறியது, கூடவே அரும்பு மீசையும் முளைத்தது. அப்பா குரலில் பேசிக்கொண்டு கடையில் உட்கார்ந்து, மொட்டு விரலால் டியூபை அழுத்தி ஒட்டுவான். எங்கள் எல்லாரின் கணக்கையும் தாண்டிச் சில வருஷம் இருந்தான். அதன்பிறகு மாத்திரைக்கும் உடம்பு கேட்கவில்லை, போய்விட்டான்.

அன்றைக்கு மல்லிகாவின் ரத்தம் சுத்தம் என்பது மல்லிகாவுக்கு மட்டும்தான் நல்ல சேதி. இன்று உங்கள் கையில் அது அண்ணனுக்கும் மருந்து. பொருந்தினால் தங்கையின் எலும்பு மஜ்ஜையை அவனுக்கு வைக்கலாம், அவனுக்குள் ஒரு பஞ்சர்காரனைக் குடி வைக்கலாம். நீங்கள் அதைச் செய்வதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த வீடுதான் ஞாபகம் வருகிறது. விஜயதசமிக்கு முந்தின வாரம் நான் நல்ல சேதி சொல்லி முடித்து, பெருமையாகக் காபியைக் கையில் வாங்கிய நேரம். பச்சையம்மா அக்கா டம்ளரைக் கொடுத்துவிட்டு அங்கேயே நின்றார்.

“பொண்ணுக்கு இல்லன்ன, சந்தோஷம். பையனுக்கு இருக்குதுன்னு ரெண்டு வாட்டி குத்திப் பாத்து சொன்ன. அது எனக்கு முன்னாடியே தெரியும். அதுக்கு இன்னா பண்ணப்போறன்னு மட்டும் நீ சொல்லவேயில்ல தம்பி.”